பினாங்கிலிருந்து சந்திரா எக்ஸ் கதிர்த் தரவுக் காப்பகம்: ஒரு பயனரின் மதிப்பீடு

நாசாவுக்காக ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் நடத்திவரும் சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளி ஆய்வகத்தின் தரவுக் காப்பகத்தையும், அதிலிருந்து கிடைக்கும் கோப்புகளைத் திறந்து பார்க்க உதவும் டி.எஸ்.9 என்னும் இலவச மென்பொருளையும் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ இயற்பியல் மாணவர்களுடன் சேர்ந்து நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். காப்பகத்தின் எல்லாப் பயன்களையும் இங்கே எடைபோடப் போவதில்லை. மண்டலக் கொத்துகளுக்குள் வாழும் நீள்வட்ட விண்மீன் மண்டலங்கள் தம்மைச் சுற்றி வைத்திருக்கும் சூடான வாயுவை, ஆராய்ச்சிக்கூடம் எதையும் சாராத ஒருவர் தம் மடிக்கணினியில் பார்த்து, அளந்து, புரிந்துகொள்ள இந்தச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதையே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணிக்கு இதைவிடச் சிறந்த சேவை எதையும் நான் அறியேன். காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றிலும் இதற்கு இணையானது இல்லை.

பினாங்கில் வானத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தடைகள் அதிகம். பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது, ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஆனால் தீவின் விளக்கு வெளிச்சமும், மாலை மழையும், சில ஆண்டுகளில் வந்து கவிழும் புகைமூட்டமும் சேர்ந்து நல்ல இரவுகளைப் பெரும்பாலும் பறித்துவிடுகின்றன. எக்ஸ் கதிர்களைப் பொறுத்தவரை இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் காற்றுமண்டலம் முழுவதுமாக விழுங்கிவிடுவதால், ஹவாய் மலையுச்சியில் இருக்கும் வானியலாளரும் அவற்றைத் தரையிலிருந்து காண முடியாது. செயற்கைக்கோள் அனுப்பும் தரவை நம்பித்தான் அவரும் இருக்கிறார், நாமும் இருக்கிறோம். அவர் இறக்கிக்கொள்ளும் அதே கோப்பு, அதே தரத்தில், பட்டர்வொர்த்துக்கும் வருகிறது. ஆய்வாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட காலம் முடிந்ததும் நோக்கீடுகள் அனைத்தும் பொதுவில் திறக்கப்படுகின்றன. அவற்றைப் பெறக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

சேவையின் அருமை விளங்க வேண்டுமானால் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுருள் மண்டலங்களில் வாயுவும் தூசும் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களும் கண்ணுக்கே தெரிகின்றன. நீள்வட்ட மண்டலங்களோ வயதான விண்மீன்களால் ஆன, வழவழப்பான, சலனமற்ற ஒளித்திரள்களாகவே தொலைநோக்கியில் தோன்றும். அவற்றில் வாயு ஏறக்குறைய இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும் முதிர்ந்த விண்மீன்கள் தம் மேலடுக்குகளை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு பெரிய நீள்வட்ட மண்டலத்தில் அந்த உதிர்வு ஆண்டுக்குச் சூரிய நிறையின் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு முழுச் சூரிய நிறைவரை இருக்கும். பல நூறு கோடி ஆண்டுகளாக உதிர்ந்த அந்த வாயு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, 1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் எக்ஸ் கதிர் ஆய்வகம் விடை கொண்டுவந்தது. வாயு எங்கும் போய்விடவில்லை. ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடி பாகை வரை சூடேறியிருந்ததால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒளிராமல் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 1985இல் ஃபோர்மன், ஜோன்ஸ், டக்கர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, ஒளிமிக்க நீள்வட்ட மண்டலங்களைச் சுற்றி இத்தகைய வெப்ப ஒளிவட்டங்கள் பரவலாக இருப்பதை நிறுவியது. பெரிய மண்டலங்களில் அந்த வாயுவின் மொத்த நிறை ஆயிரம் கோடி சூரியன்களை எட்டக்கூடும்.

வாயு இவ்வளவு சூடாவதற்குக் காரணம் எளிது. உதிர்ந்த வாயு, தன்னை உதிர்த்த விண்மீனின் வேகத்தோடு வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் பாய்ந்து, ஏற்கெனவே அங்கிருக்கும் வாயுவோடு மோதுகிறது. அந்த இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. வெள்ளைக் குள்ள விண்மீன்கள் வெடிக்கும் முதலாம் வகை அ சூப்பர்நோவாக்களும் சூடேற்றுகின்றன. அந்த வெப்பத்தில் எலக்ட்ரான்கள் அயனிகளின் அருகே வளைந்து செல்லும்போது தொடர்நிறமாலையும், இரும்பு, ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கான் ஆகியவற்றின் அயனிகளிலிருந்து நிறமாலைக் கோடுகளும் வெளிப்படுகின்றன. மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதும் மாணவர்கள் எக்ஸ் கதிர்க் குழாயைப் படிக்கும்போது சந்திக்கும் அதே இரண்டு நிகழ்வுகள்தாம் இவை. வாயு இயக்கக் கொள்கையும் வெப்பக் கடத்தலும் முதல் பருவத்திலேயே வந்துவிடுகின்றன. ஆகவே இந்தத் தரவைப் படிக்கத் தேவையான இயற்பியல் நம் மாணவர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எதன் மீது செலுத்துவது என்பதுதான் இதுவரை இல்லாதிருந்தது.

சந்திரா 1999 சூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏவப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போது எங்கள் மாணவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பது அதற்காக அன்று. சந்திராவின் கண் கூர்மை அரை கோணநொடி (கோணநொடி என்பது ஒரு கோணப் பாகையின் 3,600இல் ஒரு பங்கு). எக்ஸ் கதிரில் அந்தக் கூர்மையை வேறெந்த ஆய்வகமும் இன்றுவரை எட்டவில்லை. நீள்வட்ட மண்டலங்களைப் பார்க்கையில் அந்தக் கூர்மைதான் உயிர்நாடி. ஏனென்றால் அவற்றின் எக்ஸ் கதிர் முழுவதும் வாயுவிலிருந்து வருவதில்லை. நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ ஒரு துணை விண்மீனை உறிஞ்சும் இரட்டைகள் நூற்றுக்கணக்கில் அங்கே இருக்கின்றன. மங்கலான கண்ணுக்கு இரண்டும் கலந்து ஒரே திட்டாகத் தெரியும். சந்திராவின் படத்தில் இரட்டைகள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்க, எஞ்சியிருப்பதை வாயு என்று நம்பிக் கணக்கிடலாம்.

காப்பகத்தின் தேடல் பக்கம் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் சொன்னதைச் செய்கிறது. பொருளின் பெயரையோ வானத்து ஆயங்களையோ இட்டால், அந்தத் திசையில் எடுக்கப்பட்ட நோக்கீடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய எண், நாள், வெளிப்பாட்டு நேரம், பயன்பட்ட உணர்வி ஆகியவற்றோடு பட்டியலாக வருகின்றன. கோப்பைப் பெற்று விரித்தால் பல அடைவுகள் கிடைக்கும். தொடக்கநிலைப் பயனருக்கு அவற்றில் தேவையானது இரண்டாம் நிலை நிகழ்வுக் கோப்பு ஒன்றுதான். அந்தக் கோப்பு ஓர் ஒளிப்படம் அன்று, ஓர் அட்டவணை. உணர்வியில் வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது: எப்போது விழுந்தது, எங்கே விழுந்தது, ஏறத்தாழ எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது. இந்தச் சேவையின் மேன்மை முழுவதும் அந்த வரிகளில்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வண்ணப்படங்கள் ஒருவர் செய்துமுடித்த முடிவைக் காட்டுகின்றன. நிகழ்வுக் கோப்போ, எந்த ஆற்றலைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எந்த வட்டத்துக்குள் எண்ணுவது என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது.

டி.எஸ்.9 விண்டோஸிலும் இயங்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. நிகழ்வுக் கோப்பைத் திறந்தவுடன் பெரும்பாலும் கறுப்புத் திரையும் அங்கங்கே சில புள்ளிகளும்தாம் தெரியும். புதியவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுவார்கள். அளவுகோலை மடக்கை அளவுக்கு மாற்றி, படப்புள்ளிகளை நான்குக்கு நான்காகச் சேர்த்து, ஆற்றல் வடிகட்டியில் 500 முதல் 2000 எலக்ட்ரான் வோல்ட் என்று இட்டு, மென்மையாக்கலைச் சிறிதளவு கூட்டினால், இருந்த இடத்திலேயே மண்டலம் எழுந்து வருகிறது. உணர்விச் சில்லுகளின் சதுர எல்லைகள், சில்லுகளுக்கு இடையேயுள்ள இடைவெளிகள், ஒளிமிக்க மூலத்தின் ஊடே ஓடும் நேர்கோட்டுக் கறை ஆகியவையும் சேர்ந்தே தெரியும். அந்தக் கோடு வானத்தில் இல்லை. உணர்வியை வாசிக்கும் நேரத்திலும் ஃபோட்டான்கள் வந்து விழுவதால் உண்டாவது. கருவி விட்ட தடத்தையும் வானத்தின் உண்மையையும் பிரித்தறியும் பழக்கம் ஓர் இளைஞருக்கு வாய்க்க வேண்டுமென்றால், மெருகேற்றாத இத்தகைய தரவே அதற்கு ஏற்றது.

முதலில் பார்க்க வேண்டியது என்.ஜி.சி. 1404 என்பேன். தென்வானத்தின் ஃபோர்னாக்ஸ் கொத்தில், சுமார் ஆறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் நீள்வட்ட மண்டலம் அது. ஐப்பசி, கார்த்திகை நள்ளிரவுகளில் பினாங்குக்கு நேர் தெற்கே நல்ல உயரத்தில் ஃபோர்னாக்ஸ் நிற்கும். மழை மாதங்களாதலால் பார்ப்பது அரிது. காப்பகத்தில் 2003இல் எடுக்கப்பட்ட நோக்கீடுகள் இருக்கின்றன. 2942 என்ற எண்ணுடையதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மண்டலம் திரையில் எழுந்ததும் மாணவி ஒருவர் கேட்டார்: “சார், இந்தப் பக்கம் ஏன் திடீர்னு முடிஞ்சிடுது? அந்தப் பக்கம் மெதுவாத்தானே மங்குது?” நான் பதில் சொல்லவில்லை. “என்.ஜி.சி. 1399 எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாரும்மா” என்றேன். கொத்தின் மையமான அந்தப் பெரிய மண்டலம் வடமேற்கே இருந்தது. வெட்டுண்டதுபோல் முடிந்த விளிம்பும் வடமேற்கே இருந்தது. மங்கி நீளும் வால் தென்கிழக்கே இருந்தது. “அப்படின்னா இது அதை நோக்கி விழுந்துகிட்டு இருக்கா, சார்?” என்று அவர் கேட்டபோது, ஒரு விண்மீன் மண்டலத்தின் பயணத் திசையை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

கொத்துகளுக்குள் மண்டலங்களுக்கு இடையேயுள்ள வெளி வெற்றிடம் அன்று. அங்கும் சூடான வாயு நிறைந்திருக்கிறது. ஃபோர்னாக்ஸில் அதன் வெப்பம் ஏறத்தாழ 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 1 கோடியே 70 இலட்சம் பாகை. என்.ஜி.சி. 1404இன் சொந்த வாயுவோ 0.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில், சுமார் 70 இலட்சம் பாகையில், அதனினும் குளிர்ந்தும் அடர்ந்தும் இருக்கிறது. மண்டலம் கொத்து வாயுவைக் கிழித்துக்கொண்டு பாயும்போது எதிர்ப்படும் வாயுவின் அழுத்தம் அதன் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிய அளவில் இருக்கும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் சட்டை மார்போடு ஒட்டி முதுகில் படபடப்பதை நாம் நாளும் காண்கிறோம். முன்விளிம்பு அமுங்கிக் கூராவதும் பின்னே வால் நீள்வதும் அதே காரணத்தால்தான். 1972இல் வானியற்பியலாளர்கள் கன், காட் இருவரும் இப்படி மண்டலத்தின் வாயு உரித்தெடுக்கப்படுவதைக் கணித்து எழுதியபோது அதைக் கண்ணால் காண வழியில்லை. இன்று ஒரு மாணவி பிற்பகல் வகுப்பில் பார்த்துவிடுகிறார்.

இங்கே அளவீடும் செய்யலாம். டி.எஸ்.9இல் மண்டல மையத்தைச் சுற்றி வளையங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் விழுந்த ஃபோட்டான்களை எண்ணச் சொன்னால், ஒளிர்வு எப்படிக் குறைகிறது என்ற வரைபடம் கிடைக்கும். விளிம்புள்ள பக்கத்தையும் வால் உள்ள பக்கத்தையும் தனித்தனிக் கூறுகளாக எண்ணினால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். வாயுவின் எக்ஸ் கதிர் ஒளிர்வு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒளிர்வு நான்கு மடங்கு தாவும் இடத்தில் அடர்த்தி இரு மடங்கு தாவுகிறது என்று சொல்லலாம். வெப்பநிலை மாற்றத்துக்கும் பார்வைக் கோட்டின் நீளத்துக்கும் திருத்தம் செய்யாத மதிப்பீடுதான் இது. ஆனால் எத்திசையில் எவ்வளவு பிழை வரும் என்பதை மாணவர்களே பேசித் தெளிந்துகொள்ள முடிகிறது.

அடுத்தது எம்86. கன்னிக் கொத்தில் உள்ள இந்த மண்டலம் சித்திரை, வைகாசி மாத முன்னிரவுகளில் நம் தலைக்கு மேல் வரும் பகுதியில், உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கொத்தின் மையமான எம்87 நம்மைவிட்டு வினாடிக்கு சுமார் 1,300 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகையில், எம்86 நம்மை நோக்கி சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆகவே எம்87ஐ ஒப்பிடுகையில் அது பார்வைக் கோட்டில் மட்டுமே வினாடிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. இருகோடிப் பாகைக்குச் சற்றே மேற்பட்ட கன்னிக் கொத்து வாயுவில் ஒலியின் வேகத்தை மாணவர்களைக் கணக்கிடச் சொன்னால் 750க்கு அருகே ஓர் எண் வரும். எம்86 ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் போகிறது என்பதை அவர்கள் தாமே எழுதிப் பார்க்கும் நிமிடம், எந்தப் பாடநூலும் தராத நிமிடம். அதிலிருந்து உரிந்த வாயு வானத்துத் தளத்தில் மட்டும் சுமார் 5 இலட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு வாலாகக் கிடக்கிறது. அந்த வால் ஒரே சில்லுக்குள் அடங்காததால் பல நோக்கீடுகளைச் சேர்த்துத்தான் முழுதாகப் பார்க்க முடியும். தனிக் கோப்பில் மண்டலத்தையும் அதன் அருகே ஒருபுறமாகத் திரண்டு நிற்கும் வாயுத் திரளையும் காண்பதோடு நிற்க வேண்டும்.

எம்87ஐ மூன்றாவதாக வைக்கிறேன். அதன் படம் எளிதில் மயக்கிவிடும். இது கொத்துக்குள் விழும் மண்டலம் அன்று. கொத்தின் அடிமடியில் அமர்ந்து, கொத்து வாயுவையே தன் வாயுவாகக் கொண்டிருப்பது. 1918இல் வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் கண்ணொளியில் கண்ட, மையக் கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரை, 2002 சூலையில் எடுக்கப்பட்ட 2707ஆம் எண் நோக்கீட்டில் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வாயுதான். மென்மையான ஆற்றலில், 500 முதல் 2500 எலக்ட்ரான் வோல்ட் வரை வடிகட்டினால், மையத்திலிருந்து கிழக்கும் தென்மேற்கும் நீளும் இரு கைகள் தெரிகின்றன. கருந்துளை ஊதிய குமிழிகள் மேலெழும்போது அடியிலுள்ள குளிர்ந்த வாயுவையும் இழுத்துச் சென்ற தடம் அது. வடிகட்டியை 3500 முதல் 7500 வரை மாற்றிப் படத்தை நன்றாக மென்மையாக்கினால் கைகள் மறைந்து, மையத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்று கோணநிமிட ஆரத்தில் ஒரு வளையம் மங்கலாக எழுகிறது. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் மையத்தில் நிகழ்ந்த வெடிப்பு அனுப்பிய அதிர்ச்சி அலை அது. கோப்பு ஒன்றுதான், திசையும் ஒன்றுதான். எண் இரண்டை மாற்றியதும் வேறொரு வரலாறு வெளியே வருகிறது. ஃபோட்டானின் ஆற்றலைச் சேர்த்துக் கொடுக்கும் தரவு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதையே காட்டுகிறேன்.

அந்த வளையம் வேடிக்கைக்குரிய காட்சி மட்டும் அன்று. இவ்வளவு ஒளிர்வோடு ஆற்றலை இழக்கும் வாயு, கொத்து மையத்தில் நூறு கோடி ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் குளிர்ந்து, பெருமளவில் விண்மீன்களாக மாறியிருக்க வேண்டும்; அப்படி மாறியதாகக் காணோம். சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை விட்டுவிட்டுச் சூடேற்றிக்கொண்டே இருப்பதுதான் வாயுவைக் குளிரவிடாமல் காக்கிறது என்பதற்கு, எம்87இன் குமிழிகளும் அதிர்ச்சி அலையும் நேரடிச் சான்றுகளாக இருக்கின்றன. இதே வாயு, தன்னை அடக்கிவைத்திருக்கும் ஈர்ப்பின் அளவையும் சொல்லிவிடுகிறது. அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாகக் கொண்டு, 1980இல் ஐன்ஸ்டைன் தரவிலிருந்து ஃபேப்ரிகன்ட், லெக்கார், கோரன்ஸ்டைன் ஆகியோர் எம்87இன் நிறை பத்து இலட்சம் கோடி சூரியன்களைத் தாண்டுகிறது என்று காட்டினார்கள். அதில் பெரும்பகுதி ஒளிராத பொருள். வட்டாகச் சுழலாத நீள்வட்ட மண்டலங்களில் இருண்ட பொருளை எடைபோட இந்த வாயுவைப்போல் நம்பகமான வழி குறைவு.

கோமா கொத்தைக் கடைசியில் வைப்பது நல்லது. அங்கே பொறுமை வேண்டும். சுற்றிலும் உள்ள வாயு பத்துக் கோடிப் பாகை அளவில் கொதிக்க, நடுவே என்.ஜி.சி. 4874, என்.ஜி.சி. 4889 என்னும் இரு பெரும் நீள்வட்ட மண்டலங்கள் தம் மையத்தில் வெறும் பத்தாயிரம் ஒளியாண்டு அளவுக்குள் ஒன்று முதல் இரண்டு கிலோ எலக்ட்ரான் வோல்ட் வெப்பமுள்ள வாயுவைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. விக்லினினும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் சந்திரா தரவைக் கொண்டு இதை வெளியிட்டார்கள். வழக்கமான வெப்பக் கடத்தல் வேலை செய்திருந்தால் அந்தச் சிறு வாயு எப்போதோ ஆவியாகியிருக்கும். எல்லையில் கடத்தல் 30 முதல் 100 மடங்கு வரை தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. காந்தப் புலமே தடுப்பதாகக் கருதப்படுகிறது. திரையில் பார்த்தால் ஒரு சிறு பொட்டுதான். அந்தப் பொட்டு புள்ளி மூலம் அன்று, விரிந்த வாயு என்று தீர்மானிக்க அருகிலுள்ள புள்ளி மூலங்களின் அகலத்தோடு அதை ஒப்பிட வேண்டும். சந்திராவின் அரை கோணநொடிக் கூர்மை இல்லையேல் அந்தக் கேள்வியையே எழுப்பியிருக்க முடியாது.

குறைகளுக்கு வருகிறேன். இவற்றுள் பெரியது, பட்டியலில் புதிய நோக்கீட்டைத் தேர்ந்தெடுக்கும் இயல்பான ஆசைக்கு எதிரானது. சந்திராவின் ஏசிஸ் உணர்விக்கு முன்னுள்ள வடிகட்டியில் ஆண்டாண்டாக மாசு படிந்து வருகிறது. அது 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள ஃபோட்டான்களைப் பெருமளவில் மறைத்துவிடுகிறது. நீள்வட்ட மண்டலங்களின் வாயு ஒளிர்வதோ பெரும்பாலும் அந்த ஆற்றலில்தான். ஆகவே ஒரே நேர அளவுள்ள இரண்டு நோக்கீடுகளில் 2000களின் தொடக்கத்தில் எடுத்ததையே தேர்ந்தெடுங்கள். தேடல் பட்டியல் இதைச் சொல்வதில்லை. மென்மையான எக்ஸ் கதிருக்குக் கூடுதல் உணர்வுள்ள எஸ்3 சில்லில் பொருள் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வெப்பநிலையை முறையாக அளக்க வேண்டுமென்றால் டி.எஸ்.9 போதாது. நிறமாலையைப் பிரித்தெடுத்து மாதிரியோடு பொருத்த சியாவோ என்னும் தொகுப்பு வேண்டும். அதுவும் இலவசம்தான், ஆனால் லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குமாறு எழுதப்பட்டது. விண்டோஸ் கணினிக்குள் லினக்ஸ் அடுக்கை நிறுவித்தான் அதைப் பயன்படுத்த முடியும். அளவுத்திருத்தத் தரவும் சேர்ந்தால் வன்தட்டில் நிறைய இடம் பிடிக்கும். பள்ளிக் கணினிகளில் இதற்கு முயலாமல், மென்மையான ஆற்றலில் விழுந்த எண்ணிக்கையையும் கடினமான ஆற்றலில் விழுந்த எண்ணிக்கையையும் டி.எஸ்.9இலேயே எண்ணி, விகிதத்தை ஒப்பிடும் எளிய வழியை நாங்கள் கைக்கொள்கிறோம். எங்கே வாயு குளிர்ந்தது, எங்கே சூடானது என்று அறிய அது போதும். எத்தனை பாகை என்று சொல்ல அது போதாது.

மூன்றாவது, வழிகாட்டிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை மிகக் கவனமாக எழுதப்பட்டவை; ஆனால் ஆய்வு மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கலந்து அறிவியல் கற்றுவரும் ஒரு மாணவர் முதல் பக்கத்திலேயே சோர்ந்துவிடக்கூடும். தமிழில் நான்கு பக்க அறிமுகம் ஒன்று இருந்தாலும் நிலைமை மாறும். அதை எழுதும் பொறுப்பு சந்திராவுடையதன்று, ஆசிரியர்களாகிய நம்முடையது. எங்கள் வகுப்பில் பயன்படும் தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலையை நான் தொடங்கியிருக்கிறேன்.

மாற்றுச் சேவைகளையும் ஒப்பிட்டுச் சொல்வது முறை. ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டன் 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் காப்பகமும் திறந்ததே. அது சந்திராவைவிட அதிகமாக ஃபோட்டான்களைத் திரட்டுகிறது. மங்கலான வால்களுக்கு அது சிறந்தது. ஆனால் இரட்டை விண்மீன்களை வாயுவிலிருந்து பிரிக்கும் கூர்மை அதற்கு இல்லை. 2019இல் ஏவப்பட்ட ஈரோசிட்டாவின் முதல் முழுவான் தரவு 2024 சனவரியில் வெளியானது. கன்னிக் கொத்தும் ஃபோர்னாக்ஸும் வெளியான பாதிவானத்தில் இருப்பதால் கொத்து முழுவதையும் ஒரே பார்வையில் காண விரும்புவோர் அங்கே போகலாம். 2023 செப்டம்பரில் சென்ற ஜப்பானின் எக்ஸ்ரிசம் வாயுவின் வேகத்தையே நிறமாலைக் கோடுகளிலிருந்து படிக்கிறது. அதன் உணர்வியின் முன்னுள்ள கதவு திறக்காததால் சுமார் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அதற்குப் பார்வையில்லை. எனவே சூடான கொத்து மையங்களுக்கு அது ஒப்பற்றது, தனித்த நீள்வட்ட மண்டலங்களின் குளிர்ந்த வாயுவுக்கு அவ்வளவாக உதவாது.

அழகான சுவரொட்டிப் படம் மட்டும் வேண்டுவோர் இந்தக் காப்பகத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. சந்திராவின் பொதுமக்கள் பக்கத்தில் ஆயத்தமான படங்கள் நிறைய இருக்கின்றன. இயற்பியல் ஆசிரியர்கள், ஆறாம் படிவத்தில் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், வானியலை வாசித்ததோடு நிற்காமல் கைவைத்துப் பார்க்க ஏங்கும் பெரியவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். பல நோக்கீடுகளின் நிகழ்வுக் கோப்பு சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எம்87 போன்ற ஒளிமிக்க பொருளுக்கு அதைவிடக் கூடுதலாகும் என்பதால், மாணவர்களை வரவழைப்பதற்கு முன்பே கோப்புகளை இறக்கி வைத்துவிடுங்கள். முதல் அமர்வில் என்.ஜி.சி. 1404 ஒன்று போதும். விளிம்பு எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் வடிகட்டியையும் மென்மையாக்கலையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தாமே கேட்கும்வரை காத்திருங்கள்.